எந்தக் குண்டு என்பதே கேள்வி

வேட்டை இலக்கியத்தில் தோய்ந்த நண்பர்களிடம் ஜிம் கார்பெட்டின் துப்பாக்கி எது என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும்: .275 ரிக்பி. சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907இல் ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் பரிசளித்தது என்ற உபரித் தகவலும் கூடவே வரும். கென்னத் ஆண்டர்சனுக்கு .405 வின்செஸ்டர். அதையும் அறிந்து வைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் குழல்களிலிருந்து புறப்பட்டுப் புலியின் உடலுக்குள் நுழைந்த குண்டு எத்தகையது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும்.

இந்த மௌனத்துக்கு மொழியும் துணைபோகிறது. பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுமையையும் தோட்டா என்கிறோம். பறந்துசெல்லும் உலோகத் துண்டையும் தோட்டா என்கிறோம். இக்கட்டுரையில் முன்னதைத் தோட்டா என்றும் பின்னதைக் குண்டு என்றும் பிரித்தே சொல்கிறேன். என் வாதம் முழுவதும் பின்னதைப் பற்றியது. விலங்கு துப்பாக்கியைச் சந்திப்பதில்லை. வேட்டைக்காரனின் துணிச்சலையோ அவன் பின்னாளில் எழுதப்போகும் அழகிய உரைநடையையோ சந்திப்பதில்லை. சில கிராம் உலோகத்தை மட்டுமே சந்திக்கிறது. பெருவிலங்கு வேட்டையில் அறம் என்று ஒன்று இருக்குமானால், அது விசையை அழுத்தும் கணத்துக்கு வெகு முன்னதாக, எந்தக் குண்டை வாங்குவது என்று முடிவு செய்யும் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. அந்த முடிவை இரண்டு பொய்கள் நெடுங்காலமாக ஆண்டு வருகின்றன. பெரியதே சிறந்தது என்பது ஒன்று. ஈயமே போதும் என்பது மற்றொன்று.

வேட்டையே கொடுமை, அதில் எந்தக் குண்டு என்று ஆராய்வது கொலைக்கு நுட்பம் தேடுவதல்லவா என்று முகஞ்சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவடைத்துவிட்ட பிறகு நமக்கு இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் வேட்டை இன்றும் சட்டபூர்வமாக நடக்கிறது. நாம் முகஞ்சுளிப்பதால் அங்கே ஒரு மானின் வலிகூடக் குறையப்போவதில்லை. வேட்டையை ஒழிக்க வேண்டும் என்று வாதாடுபவர், அது ஒழியும்வரை விலங்கு எப்படிச் சாகிறது என்பதில் அக்கறை காட்டாவிட்டால், அவருடைய கருணை விலங்கின்மீது கொண்டதன்று. தம் கைகளின் தூய்மைமீது கொண்டது.

*

முதலில் அடிப்படை. குண்டு இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். இதயத்தையோ நுரையீரலையோ மூளையையோ சென்றடைய வேண்டும். சென்றடைந்தபின் அதைச் சிதைக்க வேண்டும். ஆழம் ஒன்று, அகலம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. தசையில் பட்டதும் காளான்போல் விரியும் குண்டு அகலமான காயத்தை ஏற்படுத்தும். ஆனால் விரிந்த தலையே அதற்குத் தடையாகி, ஆழம் குறையும். விரியாத குண்டு ஆழமாகச் செல்லும். ஆனால் அதன் பாதை குறுகலானது.

ஈய உள்ளீட்டின்மேல் செம்புக் கலவை உறை போர்த்தி, மூக்கில் மட்டும் ஈயம் தெரியும்படி விட்டால் அது மென்மூக்குக் குண்டு. மூக்கையும் சேர்த்துக் கடின உலோகத்தால் மூடிவிட்டால் அது முழு உறைக் குண்டு. மானுக்கு முன்னது; யானைக்குப் பின்னது. மாற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? முழு உறைக் குண்டு மானின் உடலைச் சிறு துளையிட்டுக் கடந்துபோய், பின்னால் நிற்கும் இன்னொரு மானையும் காயப்படுத்தலாம். முதல் மான் வெகுதூரம் ஓடிப் புதரில் கிடந்து மெல்லச் சாகும். மென்மூக்குக் குண்டோ யானையின் தேன்கூடு போன்ற மண்டையெலும்புக்குள் நசுங்கி நின்றுவிடும். மூளை அதற்கும் அப்பால் பத்திரமாக இருக்கும். வலியும் வெறியும் கொண்ட யானை ஒன்று காட்டில் மீந்திருக்கும்.

இங்கே வரலாற்றின் விசித்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விரியும் குண்டு கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. 1890களில் கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே அங்கே .303 தோட்டாவுக்காக அதை உருவாக்கினார். வடமேற்கு எல்லைப்புறப் பழங்குடிகள் சிறிய முழு உறைக் குண்டு பட்ட பின்னும் பாய்ந்து வருகிறார்கள் என்பதே பிரிட்டிஷ் படையின் முறையீடு. 1899இல் ஹேக் மாநாட்டில், மனித உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் தடைசெய்யும் பிரகடனம் முன்வைக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா அதை எதிர்த்தார். நாகரிகச் சிப்பாய் காயம்பட்டால் விழுந்துவிடுவான், காட்டுமிராண்டி விழமாட்டான் என்பதே அவர் வாதத்தின் சாரம். பிரகடனம் நிறைவேறியது. பிரிட்டன் 1907இல்தான் அதில் சேர்ந்தது.

அதே பிரிட்டனில் இன்று நடைமுறையில் இருக்கும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ரைஃபிளால் மானைச் சுடுபவர் மென்மூக்கு அல்லது குழிமூக்குக் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். வேறு குண்டு குற்றம். மனிதனுக்கு விலக்கப்பட்டது மானுக்குக் கட்டாயம். இதை முரண்பாடு என்று சிரிப்பது எளிது. உண்மையில் இரண்டு சட்டங்களும் ஒரே அறக்கேள்விக்கு இரண்டு சூழல்களில் சொல்லப்பட்ட பதில்கள். போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்வது போதும். காயம்பட்டவனை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வார்கள். ஆகவே தேவையற்ற சிதைவு கொடுமை. மானுக்கு மருத்துவமனை இல்லை. அதற்குக் காயமே பெருங்கொடுமை. விரைந்த சாவே மிச்சமிருக்கும் ஒரே கருணை. குண்டின் வடிவம் அறக்கேள்வி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆர்டாவின் பிழை நுட்பத்தில் இல்லை. மருத்துவமனைக்குச் செல்லும் உரிமையுள்ள மனிதர்களை அவர் விலங்குகளின் பட்டியலில் சேர்த்ததுதான் பிழை.

காயத்தின் விலை என்ன என்பதைக் கார்பெட்டே எழுதி வைத்திருக்கிறார். நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்பக்க மேல் கோரைப்பல் பாதியாகவும் கீழ்க் கோரைப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் போனதே அது மனிதரைத் தேடியதற்குக் காரணம் என்பது அவர் முடிபு. யாரோ ஒருவர் ஏதோ ஒரு நாள் சுட்டார், புலி போய்விட்டது, அவர் வீடு திரும்பினார். குறி தவறியதா, குண்டு தவறியதா என்ற வேறுபாடு அந்த 436 பேருக்கும் இல்லை. ‘குமாவோன் ஆட்கொல்லிகள்’ நூலைச் சாகசக் கதையாக வாசித்து மகிழும் நாம், அதன் அடியில் ஓடும் இந்தக் குற்றப்பத்திரிகையைப் பெரும்பாலும் வாசிப்பதேயில்லை.

*

இனி முதல் பொய்க்கு வருவோம். பெரிய விலங்குக்குப் பெரிய துப்பாக்கி, இது பொதுப்புத்தி. இந்தப் பொதுப்புத்தியை ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் தம் வாழ்நாள் முழுவதும் கேலிக்குள்ளாக்கினார். ‘கரமோஜோ’ பெல் என்று அறியப்பட்ட அவர் 1,011 யானைகளைக் கொன்றதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பகுதியைக் கொன்றது 7 மி.மீ. மௌசர் துப்பாக்கி. கார்பெட்டின் .275 ரிக்பியும் இதே தோட்டாதான். பெயர் மட்டும் வேறு.

எண்களைப் பார்ப்போம். பெல்லின் முழு உறைக் குண்டு 173 கிரெயின், அதாவது 11.2 கிராம். நொடிக்கு ஏறத்தாழ 700 மீட்டர் வேகம் என்று கொண்டால் அதன் ஆற்றல் சுமார் 2,750 ஜூல். அக்கால யானை வேட்டைக்காரர்கள் தோளில் சுமந்த .577 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 750 கிரெயின், அதாவது 48.6 கிராம், ஆற்றல் ஏறத்தாழ 9,500 ஜூல். மூன்றரை மடங்கு. ஆனால் குண்டின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். பவுண்டு, அங்குலக் கணக்கில் பெல்லின் குண்டுக்கு 0.306. ஆப்பிரிக்காவின் பெருவிலங்குத் தோட்டா என்று 1912 முதல் புகழ்பெற்ற .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் 300 கிரெயின் குண்டுக்கு 0.305. அந்தப் பூதாகாரமான .577க்கு 0.31. குறுக்குப் பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் எவ்வளவு எடை தள்ளுகிறது என்பதே இந்த எண். எலும்பைத் துளைப்பதில் இதுவும் குண்டின் உறுதியுமே முதன்மையானவை. இந்தக் கணக்கில் மூன்றும் கிட்டத்தட்டச் சமம். விளம்பரத் தாள்களில் கொட்டை எழுத்தில் அச்சாகும் ஆற்றல் அட்டவணை இதைச் சொல்வதில்லை. ஏனெனில் ஆற்றலை விற்கலாம். வகுத்தல் கணக்கை விற்க முடியாது.

உடனே எதிர்முனைக்கு ஓடுபவர்களையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பெல்லைக் காட்டிச் சிறு துப்பாக்கியே போதும் என்று மார்தட்டும் கூட்டம் ஒன்று உண்டு. பெல் யானை மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளையின் இருப்பிடத்தை எல்லாக் கோணங்களிலும் பாடம் செய்தவர். கலவரப்படாத யானையைத் தாமே தேர்ந்த கோணத்தில் சுட்டவர். அந்தக் கல்வி இல்லாதவர் அந்தக் குண்டை மட்டும் கடன் வாங்குவது, வித்வானின் வீணையை வாங்கி வந்தால் ராகம் வந்துவிடும் என்று நம்புவதைப் போன்றது. மூளையைத் தவறவிட்ட நிலையிலும், பாய்ந்து வரும் எருமையை நிறுத்தியாக வேண்டிய நிலையிலும் பெரிய குண்டுக்கு உண்மையான பயன் உண்டு. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்குக் குறைந்தபட்சம் .375 என்று சட்டம் வகுத்திருப்பது இதனால்தான். சட்டம் பெல்லுக்காக எழுதப்படுவதில்லை. கை நடுங்குபவருக்காக எழுதப்படுகிறது. 1,011 என்ற எண்ணை இன்று நாம் பெருமையாக வாசிக்கவும் முடியாது. பெல் கற்றுத்தருவது ஒன்றுதான்: குழலின் பருமன் அறிவுக்கு ஈடாகாது.

அளவு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று. 1946இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் மூஸ் வேட்டைக்குப் போனார். கையிலிருந்தது அந்நாளின் வலுமிக்க .300 மேக்னம். உடலெங்கும் சேறு காய்ந்திருந்த ஆண் மூஸ் ஒன்றின்மீது சுட்ட குண்டுகள் ஆழம் செல்லாமல் மேலேயே சிதறின. வேகம் மிகுதி, கட்டுமானம் பலவீனம். அதன் விளைவாக, குண்டின் நடுவே ஒரு செம்புத் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி குலையாமல் ஊடுருவும் வகையொன்றை அவர் வடிவமைத்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. இன்னும் பெரிய துப்பாக்கி வாங்குவதற்குப் பதிலாக அவர் குண்டைத் திருத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

இரண்டாம் பொய் முதலாவதைவிடக் கொடியது. முதலாவதில் துன்புறுவது சுடப்பட்ட விலங்கு. இரண்டாவதில் துன்புறுபவை சுடப்படாத உயிர்கள்.

ஈயம் குண்டுக்காகவே படைக்கப்பட்டதுபோல் தோன்றும் உலோகம். அடர்த்தி மிக்கது, மென்மையானது, மலிவானது. அந்த மென்மையே அதன் குற்றம். வேகமாகச் செல்லும் ஈயக்குண்டு விலங்கின் உடலுக்குள் விரியும்போது பொடிப்பொடியாகச் சிதறுகிறது. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வழக்கமான ஈயக்குண்டுகளால் சுடப்பட்ட 30 வெண்வால் மான்களின் உடல்களை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்கள். முப்பதிலும் உலோகத் துகள்கள். ஓர் உடலில் சராசரியாக 136. அந்த மான்களைத் தொழில்முறை இறைச்சிக் கூடங்களில் கொடுத்து அரைத்து வாங்கியபோது, 24 மான்களின் இறைச்சிப் பொட்டலங்களில் துகள்கள் இருந்தன. கண்ணுக்கும் நாக்குக்கும் தட்டுப்படாத ஈயம். அந்த இறைச்சியைத் தின்ற பன்றிகளின் இரத்தத்தில் ஈயம் உயர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு வேட்டைக்காரர்கள் தானமளித்த மான் இறைச்சியில் ஈயம் கண்டறியப்பட்டு விநியோகம் நிறுத்தப்பட்டது. தொடர்ந்து அம்மாநிலத்தில் 738 பேரிடம் நடந்த ஆய்வில், வேட்டை இறைச்சி உண்பவர்களின் இரத்தத்தில் ஈய அளவு உண்ணாதவர்களைவிட அதிகமாக இருந்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. பசித்தவருக்கு அன்புடன் கொடுத்த உணவில் நஞ்சு இருந்தது. கொடுத்தவருக்கே அது தெரியாது.

வேட்டைக்காரர் குடலையும் கழிவையும் காட்டிலேயே விட்டுச்செல்கிறார். அதை உண்ண வருபவை பிணந்தின்னிப் பறவைகள். கலிஃபோர்னியக் காண்டோர் கழுகுகள் 1982இல் உலகில் 22 மட்டுமே எஞ்சின. 1987இல் கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வளர்த்து, 1992 முதல் மீண்டும் காட்டில் விட்டார்கள். இன்று எண்ணிக்கை 500ஐத் தாண்டியிருக்கிறது. ஆனாலும் காட்டில் விடப்பட்டவற்றின் சாவுக்கு முதற்காரணம் ஈய நஞ்சே. கலிஃபோர்னியா 2008இல் காண்டோர் வாழும் பகுதிகளில் ஈயக்குண்டைத் தடுத்தது. 2013இல் சட்டமியற்றி, 2019 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் தடைசெய்தது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் மான் பிணங்களை உண்ட ஸ்டெல்லர் கடற்கழுகுகள் செத்து விழுந்ததைக் கண்டு, 2000இலேயே மான் வேட்டையில் ஈய ரைஃபிள் குண்டைத் தடைசெய்தார்கள்.

நமக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. இந்தியா 2006இல்தான் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தது. இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் சிலவற்றை எண்ணி எண்ணிக் காக்கிறோம். மருந்து கொடுத்தவர் எவரும் கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. நினையாமல் செய்த கொலையும் கொலைதான் என்று அறிந்த பின்னும் தொடர்வதற்கு மன்னிப்பில்லை.

ஈயத்தைத் தாங்குவோர் வழக்கமாக மூன்று வாதங்களை வைக்கிறார்கள். முதலாவது, செம்புக்குண்டு விலை அதிகம். உண்மை. ஆனால் பெருவிலங்கு வேட்டையில் ஒருவர் ஓராண்டில் விலங்கின்மீது சுடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய குண்டுகள். காட்டுக்குப் போய்வரும் எரிபொருள் செலவோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு வெட்கப்படத்தக்க அளவு சிறியது.

இரண்டாவது, செம்பு சரியாகக் கொல்லாது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. செம்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 8.96 கிராம், ஈயத்துக்கு 11.34. ஆகவே அதே எடையுள்ள செம்புக்குண்டு நீளமாக இருக்கும். பழைய துப்பாக்கிகளின் உட்சுழல் அதை நிலையாகச் சுழற்றாமல் போகலாம். வேகம் குறைந்துவிட்ட வெகுதொலைவில் அது ஈயத்தைப்போல் தாராளமாக விரியாது. இவற்றுக்குத் தீர்வுகள் உண்டு: எடை குறைந்த குண்டைத் தேர்வது, துப்பாக்கியில் சோதித்துப் பார்ப்பது, தொலைவிலிருந்து சுடுவதைக் கைவிடுவது. மூன்றாவது தீர்வு வேட்டைக்காரருக்கும் நல்லது, விலங்குக்கும் நல்லது. முழுச் செம்புக்குண்டைப் பரப்பியவர் பறவைக் காவலரும் அல்லர். 1980களில் ராண்டி புரூக்ஸ் என்ற கரடி வேட்டைக்காரர், உடையாமல் ஆழ ஊடுருவும் குண்டு வேண்டுமென்றே ஈயத்தை அகற்றினார். கழுகுகளைக் காப்பது அதன் பக்கவிளைவு.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் மலிவானது. ஈயத் தடை, வேட்டையை ஒழிக்கும் சதியாம். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைகளைத் தடைசெய்தது. வாத்து வேட்டை இன்றும் நடக்கிறது. டென்மார்க் 1996இல் ஈய ரவையையும் 2024இல் ஈய ரைஃபிள் குண்டையும் விலக்கியது. அங்கும் வேட்டைக்காரர்கள் வீட்டில் முடங்கிவிடவில்லை. காட்டின் காவலர்கள் நாங்களே என்று சொல்லிக்கொள்பவர்கள், அக்காட்டின் கழுகுக்காக ஒரு தோட்டாப் பெட்டியைக்கூட மாற்ற மறுத்தால், வேட்டையை ஒழிக்க வேறு சதிகாரர்கள் தேவையில்லை.

*

ஆகவே என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெருவிலங்கை வேட்டையாடுபவர் அவ்விலங்கின் தோலும் எலும்பும் கேட்கும் கட்டுமானமுடைய குண்டைத் தேர வேண்டும். தம் தோள் நடுங்காமல் தாங்கும் அளவுக்கு மேல் துப்பாக்கியைப் பெரிதாக்கக் கூடாது. அந்தக் குண்டு நம்பகமாக விரியும் தொலைவைத் தாண்டிச் சுடக் கூடாது. அதில் ஈயம் இருக்கக் கூடாது. இதற்கு உடன்படாதவர் சுடாமல் இருப்பதே நேர்மை.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. வேட்டைக் கதைகளில் காட்டின் அமைதியையும் நிலவொளியையும் மாமரத்துப் பரணையும் ரசித்தது போதும். அடுத்த முறை அத்தகைய பக்கம் ஒன்றைப் புரட்டும்போது சில எளிய கேள்விகளைக் கேட்போம். எந்தக் குண்டு? எவ்வளவு தொலைவு? காயம்பட்ட விலங்கைத் தேடிப் போனாரா? காட்டில் எதை விட்டுவந்தார்? இவற்றுக்கு விடை தரும் எழுத்தாளர் மிகச் சிலரே. புலியின் உடைந்த பற்களைப் பார்த்து அதன் காரணத்தையும் எழுதிவைத்த கார்பெட் அவர்களில் ஒருவர்.